தாம்பரத்துக்கு ஒரு ரிட்டர்ன்

கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நிற்கப்போவது ஒரே ஒரு பகல். காலை ஏழு மணிக்கு வந்து, மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடும். வேலை செய்பவர்கள் வெளியே போகலாம், ஆனால் மூன்று மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது என்று முந்தின நாளே சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

ஷீலா அந்தக் கப்பலின் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். சுற்றுலாப் பயணிகள் படுத்த விரிப்பு, துடைத்த துண்டு, சாப்பாட்டு மேசைத் துணி என்று ஒரு நாளைக்கு மலை மலையாக வந்து குவியும். பதினாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. எத்தனையோ துறைமுகங்களில் பயணிகள் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து நகரத்துக்கு எந்த ரயில், எந்த பிளாட்பாரம் என்று விசாரித்துக்கொண்டு இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அவர்களுக்கு மாமல்லபுரம் போக ஏசி பஸ்கள் வரிசையாக நின்றன. ஷீலா பாஸைக் காட்டிவிட்டு வாசலைத் தாண்டி, ராஜாஜி சாலையைக் கடந்து, கடற்கரை ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்கு வருகிறவள்தான். ஆனால் விமானத்தில் வந்து இறங்கி, தம்பி பிரசன்னாவின் காரில் கோவிலம்பாக்கம் போனால், திரும்பவும் அதே காரில் விமான நிலையம். லோக்கல் ரயிலில் ஏறியே பதினாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கார் அனுப்புவதாகத்தான் பிரசன்னா சொன்னான். வேண்டாம், ஒரு சிநேகிதியைப் பார்க்க வேண்டும், நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எந்த சிநேகிதி என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாமுண்டீஸ்வரி என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்தப் பெயர் அவர்கள் வீட்டில் பேசப்படாத பெயர்.

கவுன்ட்டரில் கையை நீட்டி, "தாம்பரம் ஒரு ரிட்டர்ன்" என்றாள். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

பத்து மணி வண்டி. பெண்கள் பெட்டியில் அங்கங்கே ஏழெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு போன், காதில் ஒயர். பெட்டி புதுசு, இருக்கை புதுசு. கோட்டை தாண்டி எழும்பூர் போகிற வளைவில் வண்டி ஒரு ஆட்டம் ஆடும், அது மட்டும் பழசு. ஷீலாவின் கை தானாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

இருபது வயதில் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள் அவள். அப்போது வீடு தாம்பரத்தில், காலையில் எட்டு பன்னிரண்டு வண்டி. அந்த வண்டியின் பெண்கள் பெட்டியில் முதல் நாளே இடம் நகர்ந்து கொடுத்தவள்தான் சாமுண்டீஸ்வரி. டெலிபோன் ஆபீஸில் வேலை, ஷீலாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், கல்யாணமாகி ஒரு பையன் இருந்தான். செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஸ்டேஷன் படிக்கட்டில் ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கைக்குட்டையைப் போட்டு இரண்டு சீட்டைப் பிடித்துவிடுவாள். கிண்டி வரை ஜன்னல் ஒருத்திக்கு, அப்புறம் இன்னொருத்திக்கு. ஏழு வருஷம் அந்தக் கணக்கு மாறவில்லை. அந்தப் பெட்டியில் அவரைக்காய் நார் உரித்தார்கள், பூ கட்டினார்கள், மாமியாரைத் திட்டினார்கள். கிளியம்மாள் என்ற நர்ஸுக்கு ஏழாம் மாதம், மாம்பலத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் வளையல் போட்டு, லெமன் சாதம் பகிர்ந்து, சீமந்தமே நடத்தினார்கள். ஷீலாவுக்கு அழ வேண்டுமென்றாலும் அந்தப் பெட்டிதான், சிரிக்க வேண்டுமென்றாலும் அந்தப் பெட்டிதான். வீட்டில் அவள் வாயே திறக்க மாட்டாள்.

இருபத்தேழு வயதில் கப்பல் வேலைக்கு ரகசியமாக எழுதிப்போட்டாள். மும்பையிலிருந்து உத்தரவு வந்தது. கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் அதை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம், அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் அக்கா என்றாள். சாமுண்டீஸ்வரி தலையாட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து ஷீலா திரும்பி வந்தபோது, வீட்டு வாசலில் சாமுண்டீஸ்வரியின் செருப்பு கிடந்தது. உள்ளே அப்பா அவளுடைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேர வேண்டிய தேதி தாண்டிப்போனது. திரும்ப எழுதி, திரும்பக் காத்திருந்து, அப்பாவிடம் மல்லுக்கட்டி, வேலை கிடைக்க முழுசாக ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் ஷீலா வண்டியின் அந்தக் கோடியிலிருந்த இன்னொரு பெண்கள் பெட்டியில் போய் ஏறினாள். சாமுண்டீஸ்வரி இரண்டு தடவை பின்னாலேயே வந்தாள். ஷீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தடவை அவள் வரவில்லை.

போன லீவில் மேடவாக்கம் மார்க்கெட்டில் கிளியம்மாள் எதிரே வந்தாள். முடியெல்லாம் வெளுத்திருந்தது. சாமுண்டீஸ்வரிக்குக் கணவர் தவறிவிட்டார், முன்னாடியே ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறாள் என்று சொல்லி, கேட்காமலே நம்பரையும் போட்டுக் கொடுத்தாள். அந்த நம்பர் ஏழு மாதம் போனில் சும்மா கிடந்தது. கப்பலின் பயணப் பட்டியலில் 'சென்னை' என்று பார்த்த ராத்திரிதான் ஷீலா கூப்பிட்டாள். இரண்டு நிமிஷப் பேச்சு. நலம் விசாரித்துக்கொண்டார்கள். செம்பாக்கத்துக்குச் சாப்பிட வா என்றாள் சாமுண்டீஸ்வரி. ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம். ஷீலாவின் மனசுக்குள் பதினாறு வருஷமாக ஒரு பதில் தயாராக இருந்தது. 'உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்' என்று சாமுண்டீஸ்வரி சொல்வாள். அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எத்தனையோ துறைமுகங்களில், துண்டு மடித்துக்கொண்டே, சொல் சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தாள். திரிசூலத்தில் மலையைப் பார்த்தபோது அந்தச் சொற்களை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

தாம்பரத்தில் வண்டி நின்றதும், பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்கு நேராக, அளந்து வைத்தாற்போல நின்றிருந்தாள் சாமுண்டீஸ்வரி. உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு சாப்பாட்டுப் பை. ஷீலா இறங்கக் காலை வைத்தபோது, அவள் வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு, தானே கம்பியைப் பிடித்து மேலே ஏறி வந்தாள்.

"இறங்காதே. இதே வண்டி பத்து நிமிஷத்துல திரும்பிடும். நானும் டிக்கெட் வாங்கிட்டேன்."

வீட்டுக்குப் போகவில்லையா என்று ஷீலா கேட்டாள்.

வீட்டில் மருமகள் இருக்கிறாள், பேரனுக்கு லீவு, டிவி ஓடிக்கொண்டிருக்கும் என்றாள் சாமுண்டீஸ்வரி. ஆட்டோவில் போக அரை மணி, வர அரை மணி, நடுவில் நீ வாட்சைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய், நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பரிமாறுவேன். அதற்கு இது தேவலை, முழுசாக ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வரலாம் என்றாள். அப்புறம், "நாம வேற எங்கடி பேசியிருக்கோம்?" என்றாள்.

அது உண்மைதான். ஏழு வருஷப் பழக்கத்தில் சாமுண்டீஸ்வரியின் வீட்டை ஷீலா ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. சாமுண்டீஸ்வரி அவள் வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

வண்டி கிளம்பியது. சானடோரியம் வரை இருவரும் பொதுவாகப் பேசினார்கள். ரிட்டயர் ஆன பிறகு சாமுண்டீஸ்வரி ரயிலே ஏறவில்லையாம். எங்கே போவது, யாரோடு போவது என்றாள். கணவர் கடைசி மாதங்களில் பட்டதைச் சொன்னாள். ஷீலா கப்பலைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் இல்லாத அறை, நான்கு நாட்டுப் பெண்கள், எந்தக் கடலானாலும் ஒரே சோப்பு வாசனை. கல்யாணம் என்று சாமுண்டீஸ்வரி இழுத்தபோது, பண்ணிக்கொள்ளவில்லை, குறை ஒன்றும் இல்லை அக்கா என்றாள். குரோம்பேட்டையில் கொய்யாப்பழக்காரி ஒருத்தி ஏறி, இன்னாம்மா, ஒரு பாக்கெட் போடவா என்று கேட்டு, உப்பு மிளகாய்ப் பொடி தூவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பல்லாவரம் தாண்டியதும் சாமுண்டீஸ்வரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். ஷீலா உடம்பை நிமிர்த்திக்கொண்டாள். வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"உங்கப்பாகிட்ட நான் வந்து சொன்னது உன் நல்லதுக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டகூட அப்படித்தான் சொன்னேன். அது பொய், ஷீலா. நீ போயிட்டா நான் யார்கூட வருவேன்? அது ஒண்ணுதான் எனக்குத் தோணிச்சு. வீட்ல ஒரு வார்த்தை கேக்க ஆள் கிடையாது. காலைல ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் எனக்குன்னு இருந்தது. அதை நீ எடுத்துக்கிட்டுப் போறியேன்னு பயந்துட்டேன்."

 ஷீலா சேர்த்து வைத்திருந்த சொற்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அவள் கற்பனையில் பதினாறு வருஷமாக எதிரே உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரி விவரம் தெரிந்த அக்கா, வாயாடி, பிடிவாதக்காரி. பயந்துபோன ஒருத்தியை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. ஷீலாவின் இன்றைய வயதைவிட ஐந்து வயது சின்னவள். 

மீனம்பாக்கம் வந்து போனது. பழவந்தாங்கலும் போனது.

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

 பொய் சொல்ல ஷீலாவுக்கு மனசு வரவில்லை.

"போயிருப்பேன். ஆனா சொல்லிக்கிட்டுப் போயிருப்பேன். போற ஊர்லேர்ந்தெல்லாம் லெட்டர் போட்டிருப்பேன்."

சாமுண்டீஸ்வரி தலையை ஆட்டினாள். கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. ஷீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்டி பிடித்துக் காய்த்த கை ஒன்று, சோப்பில் தோல் உரிந்த கை ஒன்று. எதிர் சீட்டுப் பெண் ஒரு கணம் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சைதாப்பேட்டைப் பாலத்தில் ஆரம்பித்தது, எழும்பூர் தாண்டியும் ஓயவில்லை. யாருக்கு எங்கே கல்யாணம், யார் பெண் எந்த ஊரில், பூ கட்டிக்கொண்டே தூங்கிப்போய் ஸ்டேஷனைக் கோட்டை விட்டவள் யார், எல்லாம் வந்தது. மாம்பலத்தில் கூட்டம் ஏறி இருவரையும் ஓரமாக நெருக்கித் தள்ளியது. அதைக்கூட அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

கடற்கரை ஸ்டேஷனில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுண்டைக்காய் வத்தக்குழம்பு சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சுட்ட அப்பளம். அப்பளம் நமுத்துப்போயிருந்தது. ஷீலா விரலை வழித்துச் சாப்பிட்டாள். கப்பலைப் பார்க்க வேண்டும் என்றாள் சாமுண்டீஸ்வரி. உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லி, துறைமுக வாசல் வரை கூட்டிக்கொண்டு போனாள் ஷீலா. கிடங்குகளின் தலைக்கு மேல் வெள்ளை வெளேரென்று ஏதோ உயரமாக நின்றது.

"அந்த பில்டிங்குக்குப் பின்னாடியா நிக்குது?" என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

அந்தக் கட்டடமேதான் கப்பல் என்று ஷீலா சொன்னாள். சாமுண்டீஸ்வரி வாயைப் பிளந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அடுக்கடுக்காக எண்ணினாள். எட்டில் எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். காவலுக்கு நின்றவர், ஓரமா நில்லுங்கம்மா என்றார்.

இரண்டரை ஆகிவிட்டது. போய் வருகிறேன் அக்கா என்று இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னாள் ஷீலா. அடுத்த லீவு சித்திரையில். கோவிலம்பாக்கத்திலிருந்து செம்பாக்கம் எவ்வளவு தூரம், பிரசன்னாவை வண்டியில் கொண்டுவந்து விடச் சொல்கிறேன், அவனிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள்.

உள்ளே போனதும் சீருடையை மாட்டிக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே நின்றாள். மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் வேர்வையும் மணலுமாகத் திரும்பியிருந்தார்கள், துண்டுகள் வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்தன. நாலே காலுக்குப் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. ரயில் சத்தத்துக்கு நடுவில் சாமுண்டீஸ்வரி கத்திப் பேசினாள். கோடம்பாக்கத்தில் ஒரு வண்டியை விட்டுவிட்டாளாம். வேண்டுமென்றே இறங்கி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, அடுத்த வண்டி பிடித்தாளாம். மருமகள் மூன்று தடவை போன் பண்ணிவிட்டாளாம், எடுக்கவில்லையாம்.

ஷீலா அதை இரண்டு தடவை கேட்டாள். ஐந்து மணிக்கு, மூன்றாம் தடவை கேட்கலாமென்று போனை எடுத்தபோது கப்பல் லேசாக அசைந்தது. அவள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.