ராத்திரி டூட்டிக்காரர்களின் நாற்பத்து மூன்று தட்டுகள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1986 மார்ச் முதல் தேதியிலிருந்து ஜெபல் அலி கேம்பில் ஜனநாயகம் வயதுக்கு வந்துவிட்டது. இனி அதற்குக் காவல் தேவையில்லை. இப்படிக்கு, சேதுராமன், தலைவர், தமிழர் நலச் சங்கத் தலைமையகம், கராமா, துபாய்.

தலைமையகம் என்பது சேதுராமனின் ஃபிளாட்டின் முன்னறை. ஜனநாயகம் என்பது அந்தத் தொழிலாளர் கேம்பில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு தமிழர்கள் ஆண்டுக்கொரு முறை மெஸ் செயலாளரைத் தேர்ந்தெடுப்பது. காகிதத்தில் ஓட்டுப் போட்ட காலத்தில் ஆட்களைவிட ஓட்டு அதிகமாக விழுந்ததால், தட்டில் போடும் வழக்கம் வந்தது. ஒவ்வொருவருடைய எவர்சில்வர் தட்டிலும் அவரவர் நம்பர் வெட்டியிருக்கும். பிடித்த வேட்பாளர் முன்னால் தட்டை வைத்தால் ஓட்டு.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, செயலாளர் அம்மையப்பன் தேர்தலை ராத்திரி ஏழு மணிக்கு நடத்தினார். ராத்திரி டூட்டி பஸ் ஐந்து மணிக்கே போய்விடும். விஷயம் கராமாவுக்கு எட்டியது. தலைமையகத்தின் அனுமதியில்லாமல் இந்தக் கேம்ப் தேர்தல் நேரத்தையோ முறையையோ மாற்றக்கூடாது, தலைவரே நேரில் வந்து நிற்க வேண்டும் என்று விதி பிறந்தது. அதிலிருந்து தேர்தல் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, எல்லோரும் கேம்பில் இருக்கும் நேரத்தில். அம்மையப்பன் ஒவ்வொரு முறையும் நாலைந்து தட்டில் தப்பித்தார்.

இந்த முறை எதிர்த்து நின்றவர் யாழ்ப்பாணத்து மார்க்கண்டு. அவருக்குப் பதவி ஆசை இல்லை, தூக்கத்தில்தான் ஆசை. ராத்திரி டூட்டி முடிந்து காலை ஆறுக்கு வந்து படுப்பார். ஏழு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் மெஸ்ஸில், சமையல்காரர் ஜெயமணி டேப் ரிக்கார்டரை அலறவிடுவார். ஜெயமணி அம்மையப்பனின் மச்சான்.

"அண்ணை, மூண்டு மாசமா நித்திரை இல்லை. நான் வந்தா அந்தப் பெட்டியைப் பூட்டிவைப்பன். வேற வாக்குறுதி ஒண்டும் இல்லை" என்பதே மார்க்கண்டுவின் முழுப் பிரசாரம்.

அந்த விதி இனி இல்லை என்ற அறிவிப்பு வந்தவுடன் அவர் சேதுராமனுக்கு போன் செய்தார்.

"நாலு வருஷமா ஒரு புகார் உண்டா, மிஸ்டர் மார்க்கண்டு? அப்புறம் மேற்பார்வை எதுக்கு? அது உங்க கேம்போட தன்மானத்துக்கே இழுக்கு."

"நீங்கள் வந்து நிண்டபடியால்தானே ஐயா புகார் இல்லை?"

"பழசையே பேசிண்டிருக்கப்படாது" என்று தலைவர் போனை வைத்தார்.

அன்று மாலையே மெஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது: தேர்தல் வியாழன் ராத்திரி ஏழு மணி.

ராத்திரி டூட்டிக்காரர்கள் அசரவில்லை. வியாழனன்று நாற்பத்து மூன்று தட்டுகளையும் பகல் டூட்டி பழனிச்சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, காகிதத்தில் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பழனிச்சாமி ஏழு மணிக்கு அவற்றைச் சுமந்துவந்து மார்க்கண்டுவின் பெஞ்சில் வைத்தார்.

"இதுக்கெல்லாம் ஆளு எங்க?" என்றார் அம்மையப்பன்.

"டூட்டிக்குப் போயிருக்காங்க. தட்டு இருக்குல்ல?"

"தட்டு மட்டும் வந்து சாப்புடுமா? ஆளு வேணும்யா."

"அப்ப செல்லாதுன்னு தள்ளி வைங்க."

"செல்லாதுன்னு எப்படிப்பா சொல்றது? பாவம், உழைக்கிற சனம்." அம்மையப்பன் மேல்தட்டைப் பரிவோடு தடவினார். "ஆளில்லாத தட்டு மெஸ் சொத்து. மெஸ் சொத்துக்கு யாரு பொறுப்பு?"

"செயலாளரு..."

"கலாஸ், கதை முடிஞ்சுது. இந்தப் பக்கம் வை."

அம்மையப்பனுக்கு எண்பத்தாறு தட்டுகள், மார்க்கண்டுவுக்கு இருபத்தாறு. மார்க்கண்டுவின் சொந்தத் தட்டும் அவரை எதிர்த்தே வாக்களித்திருந்தது.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வந்து இறங்கியவர், சேதி கேட்டுப் படுக்காமல் நேராக கேட் பக்கத்து டெலிபோனுக்குப் போனார். தலைவர் பர் துபாய் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஏழு மணிக்கு வெற்றி விழா தொடங்கியது. ஜெயமணி புது ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்து மாட்டியிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடி போன். சேதுராமனின் மனைவி சுசீலா எடுத்தார்.

"சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கார். நாலு வருஷம் கழிச்சு இந்தத் தடவைதான், வெள்ளிக்கிழமை மனுஷருக்கு உங்க தேர்தலுக்குன்னு வெயில்ல அவ்வளவு தூரம் கார் ஓட்டற வேலை இல்லை. எழுப்பட்டுமா?"

தூங்குகிறவரை எழுப்ப மார்க்கண்டுவுக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம் அம்மா."

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. மார்க்கண்டு தூங்காமல் டூட்டிக்குப் போனார்.