ஒரே ஒரு பூ

பியோங்சுவுக்கு மதிப்பெண் என்றால் எண்ணாக வேண்டும். முதியோர் எழுத்து வகுப்பில் போன வருஷம் வரை டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். திருத்தி எண்பத்தைந்து என்று போட்டுக் கொடுப்பார். அதில் ஏய்க்க இடமில்லை. இப்போது புது டீச்சர், புது வழி. பெயரை மறைத்து ஒட்டிய கட்டுரையை வகுப்பில் இன்னொருவர் படித்து, காகிதப் பூ ஒட்டி, சீட்டில் கருத்து எழுத வேண்டுமாம். மூன்று பூ வந்தால்தான் தேர்ச்சி. தேறாவிட்டால் தொடக்கப்பள்ளிச் சான்றிதழ் கிடையாது. எழுபத்தாறு வயதில் அவர் கேட்பது அது ஒன்றைத்தான். அதற்காகவே மனைவி சுன்தோக்கோடு மூன்று வருஷமாக வந்து போகிறார்.

அவர் தாளுக்கு ஒரே ஒரு பூ. சீட்டில், "பனிக்காலத்தில் மனைவியோடு கடல்பாசி அலசினேன் என்கிறார். பொய். வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்."

கடலில் பாசி வளர்க்கும் படுகையின் எல்லைக்காக அவரோடு மல்லுக்கு நிற்கும் கிசாங் பின்வரிசையில் இருந்தான்.

"ஏண்டா, படுகைத் தகராறை இங்க வந்து தீத்துக்கிறியா?"

"போங்கண்ணே! எனக்கு வந்தது மருமகளைத் திட்டின கதை. நல்லா திட்டியிருந்தாங்க, மூணு பூ ஒட்டிட்டேன்."

டீச்சரைக் கேட்டார். "யாருன்னு சொல்லக்கூடாதுங்க ஐயா" என்று டீச்சர் சிரித்தார். சிரிக்கிறவர்களை பியோங்சு நம்புவதில்லை.

சீட்டை மறுபடி படித்தார். வெந்நீர்த் தொட்டி இருப்பது வீட்டுப் பின்கட்டில். கிசாங் வாசலைத் தாண்டியதே இல்லை. மெல்லத் தலையைத் திருப்பினார். முன்பெஞ்சில் சுன்தோக் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"நீதானா?"

"பேரை மறைச்சில்ல குடுத்தாங்க. யாரோ புளுகன்னு நெனச்சேன்."

"மூணு பூ ஒட்டினா உங்கப்பன் சொத்தா கரையும்?"

"நாப்பத்தெட்டு வருஷமா கை மரத்துப்போனது எனக்கு. பூவும் நானே ஒட்டணுமாக்கும்?"

திருத்தி எழுத ஒரு வாரம். முதலில் படித்தவரே மறுபடியும் படிப்பார் என்றார் டீச்சர். இதுவும் கூட்டுச்சதிதான் என்று பியோங்சுவுக்குப் பட்டது. ஆனாலும் எழுதினார்: "பாசியை என் மனைவி அலசினாள். நான் வெந்நீரில் கால் வைத்திருந்தேன். தண்ணீர் ஆறியபோது சூடாக ஊற்றவும் அவளைத்தான் கூப்பிட்டேன்."

சுன்தோக் உதடு அசைய, நிதானமாகப் படித்தாள். தாள் திரும்பி வந்தது. மூன்று பூ. சீட்டில், "உண்மை. பாதிதான்."

பியோங்சு மூன்றாவது பூவின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது.