சண்டையில்லாத ஊர்க்காரி

1
புதுக்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது ஒரு வக்கீல் சொன்னார்: "எந்தக் காலேஜுன்னு கேக்குறதெல்லாம் மெட்ராஸ்லங்க. இங்கிட்டு எந்த ஊருன்னுதான் கேப்போம்." அந்தப் பேச்சைத் திருடித்தான் இதை எழுதுகிறேன்.

2
முதல் தொடக்கம்: நீதி என்பது ஒரு... (சீ! அடித்தாயிற்று.)

இரண்டாவது: இனியா, அன்னவாசல் பக்கத்துப் பெண். நாடு முழுக்கப் பரீட்சை வைத்து ஆள் பொறுக்கும் பெரிய சட்டக் கல்லூரியில் படித்தவள். ஊரார் வைத்த ஃபிளக்ஸில் அவள் முகத்தைவிடக் கல்லூரியின் பெயர் பெரிது. கோர்ட்டில் நின்று வாதாட வேண்டும், அதுவும் சொந்த ஜில்லாவில் என்று ஆசை. (ஆசைக்குக் காரணம் கேட்டால் கதை நகராது.)

3
ஜூனியராகச் சேர, சீனியர் வக்கீல் வெள்ளைச்சாமியிடம் போனாள்.

"அந்தக் காலேஜாம்மா! பேரைக் கேட்டாலே எந்திரிச்சு நிக்கணும்போல இருக்கே!" டீ வரவழைத்தார். "சரி, ஒங்க ஊர்ல கேஸு நெறய விழுமா?"

"எங்க ஊர்ல சண்டையே வராதுங்க சார்," என்றாள் பெருமையாக.

அடி பாவி மகளே! அதையா சொல்வாய்? அவர் முகம் தொங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் அவருடைய இன்னொரு ஜூனியர், செம்மல். பரீட்சைக்கு மட்டும் கல்லூரியை எட்டிப் பார்த்தவன். வெள்ளைச்சாமி அவனைக் கைகாட்டினார்.

"இவரு பங்காளிக அடிச்சுக்கிறதுலதாம்மா ஆபீஸ் வாடகையே கட்டுறேன். நீங்களும் ஒரு கேஸு கொண்டாங்க, நாளைக்கே நாற்காலி போடுறேன்."

(செம்மலை முட்டாளாக எழுதினால் உங்களுக்கு இனிக்கும். ஆனால் குறுக்கு விசாரணையில் பயல் கெட்டிக்காரன். நான் என்ன செய்ய?)

4
முடிவு அ: இனியா நீதிபதியாகி அதே கோர்ட்டுக்கு... (சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.)

முடிவு ஆ: வெள்ளைச்சாமி மனம் திருந்துகிறார். (எழுதும்போது நானே சிரித்துவிட்டேன்.)

முடிவு இ: மத்தியானச் சோறு. எதிரே அப்பா கண்ணுசாமி.

"அப்பா, கூட்டுக் கேணியில நம்ம முறையிலயும் சித்தப்பா மோட்டார் போடுறாருன்னீங்கள்ல?"

"என்னைக்காச்சும் போடுவான். தம்பிதானே, விடு தாயி."

"விட்டா எப்படிப்பா? ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாப்போமே."

அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் மகளையே பார்த்தார். அவள் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

(அவர் 'சரி' என்றால் அவளுக்கு நாற்காலி உண்டு, அவருக்குத் தம்பி கிடையாது. 'வேண்டாம்' என்றால் மகளுக்கு அந்த ஃபிளக்ஸ்தான் மிச்சம். இதை எழுத எனக்குத் தைரியமில்லை.)

அதற்குள் கேணியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு வாசலில் வந்து நிற்கிறார் சித்தப்பா.

"இனியா, வேலை கெடச்சிருச்சாத்தா?"

வாசகரே, சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அவருக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.