உம் கொட்டிய முடிவு

மூன்று வருடமாக ஒரே பாட்டைப் பாடி வீப்கேயின் தொண்டை வற்றிப்போயிருந்தது. அவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொன்னால்தான் வேலை நடக்கும். அவளும் சேர்ந்து உருவாக்குகிற இலவச இயங்குதளத்துக்குப் புது ஒலி அமைப்பு எது என்று பிரேமன் நகரில் நடக்கும் கூட்டத்தில் இன்று முடிவாக வேண்டும். கணினியைப் போட்டதுமே ஒலி எழும்பினால், கடவுச்சொல் கேட்கும் திரையும் அவளோடு பேசும். உள்ளே நுழைந்த பிறகுதான் ஒலி என்றால், வாசலில் ஊமைப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

"ஒலிய பொதுவா விட்டா, ஒரே கணினிய பல பேர் வச்சிருக்கிற எடத்துல ஒருத்தன் மைக்க இன்னொருத்தன் ஒட்டுக்கேப்பான். அந்தரங்கம்னு ஒண்ணு வேண்டாமா?" என்றான் கூட்டத்தை நடத்திய டார்பன்.

"அதுக்கும் வழி எழுதி அனுப்பினேனே, படிச்சியா?"

"நாப்பது பக்கம், தாயே!"

சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர்கள் கை தூக்கி வாக்களிக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு 'உம்' கொட்டுவார்கள். எந்தச் சத்தம் பெரிதோ அதுவே முடிவு. யார் எதற்குக் கொட்டினார் என்று தெரியக் கூடாதாம். வீப்கேயின் காதுக்கு அதெல்லாம் தெரியும். அவள் கேட்டதற்கு நாலைந்து பேர் ஈனசுரத்தில் இழுத்தார்கள். மற்றதற்குக் கூடமே அதிர்ந்தது. அதில் பக்கத்து நாற்காலிக் கட்டைக்குரல் ஹௌக்கேயுடையது. காலையில் மீன் ரொட்டி தின்றபடி, "என் ஓட்டு உனக்குத்தான்" என்றவன்.

"நல்லா கொட்டினடா," என்றாள் அவனிடம்.

ஹௌக்கே அசடு வழிந்தான். "அடுத்த பதிப்புல சேத்துக்கலாம், வீப்கே. இப்ப ஜெயிச்சத சோதனைக்குன்னு உன் மடிக்கணினில போட்டிருக்கியே, திறந்து பாரு. அவ்வளவு மோசமில்ல."

"போன பதிப்புலயும் இதையேதான் சொன்ன."

திறந்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். சத்தமில்லை. மறுபடி அடித்தாள். அப்போதும் இல்லை.

"ஏத்துக்கிச்சா, இல்லையா?"

"தப்புன்னு காட்டுது."

கணினியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். "அப்ப நீயே அடி. சொல்றேன்." கூடம் முழுக்கக் கேட்கும்படி ஓங்கிச் சொன்னாள்: "கோஸ்கீரை, பதினேழு, ஈரக்குடை..."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. டார்பன் பதறினான். "ஐயோ, கடவுச்சொல்ல கத்தாத! எல்லாருக்கும் கேக்குது!"

"கேக்கட்டும். உங்க அந்தரங்கத்த காப்பாத்தியாச்சில்ல? இனிமே என்னோடது இப்படித்தான்."