சோசாம்மா சேச்சியை நீக்கிய வாரம்

எங்கள் கோட்டயத்தில் பெரிய நோன்புக்கு முந்தின வாரம் வீட்டை ஒதுக்கி, மீன் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் அதைத் தொடக்கூடாது. இந்த வருஷம் சட்டியோடு நிற்காமல் என் ஃபேஸ்புக்கையும் ஒதுக்கக் கிளம்பினேன். எந்தப் பிசாசு அந்தப் புத்தியைக் கொடுத்ததோ!

ஆயிரத்துச் சொச்சம் நண்பர்களாம். பாதிப் பேரை எதிரில் பார்த்தால் அடையாளம் தெரியாது. புடவை விற்கிறவள், பாலிசி பிடிக்கிறவன், செத்துப்போன பிறகும் வருஷா வருஷம் பிறந்தநாள் கொண்டாடும் ஒரு மாமன். வெட்டித் தள்ளினேன். நோன்புக்கு முன்னால் கிடைக்கிற மட்டும் லாபம் என்று கப்பைக்கிழங்கும் பீஃபும் விழுங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ரெஜி எட்டிப் பார்த்தார்.

"என்னடி ஷைனி, என்னையும் எடுத்துடப் போற."

"உங்களை எடுக்கத்தான் கை அரிக்குது. பேசாம தின்னுங்க."

அடுத்து வந்த பெயர் சோசாம்மா சேச்சி. நாலு வீடு தள்ளி இருக்கிறாள், என் அம்மாவின் உயிர்ச் சிநேகிதி. தினமும் விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ, ஒரு வேத வசனம், அடியில் டேக் போட்டு என் பெயர். என் பெயரைக் கோக்காமல் அவளுக்குப் பொழுதே விடியாது. ஆபீஸில் எல்லாரும், "ஷைனி மேடத்துக்குப் பூ வந்தாச்சு" என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீக்கினேன்.

"பாவம்டி, அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்றார் ரெஜி.

"பூவாலேயே அடிச்சுக் கொல்லுது. அதுக்கெல்லாம் இது தெரியவா போகுது?"

அந்த வாரம் முழுக்க போனைத் திறந்தால் நிம்மதியாக இருந்தது. சேச்சி கண்ணில் படவே இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

நோன்பின் முதல் திங்கள் சர்ச்சில் சுப்கோனோ. ஒருவரை ஒருவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிற ஆராதனை. வரிசையில் ஒவ்வொருத்தியும் மற்ற எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று குனிந்தாக வேண்டும், யாரையும் தாண்டிப் போக முடியாது. எதற்காக என்று யாரும் சொல்வதில்லை. "பொறுக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்வதுதான் வழக்கம்.

சேச்சி என் முன்னால் வந்தாள். நகரவில்லை. ஒரே வாரத்தில் முகம் பாதியாகியிருந்தது.

"மோளே, நீ என்னைத் தள்ளி வெச்சது சரிதான்."

"ஐயோ சேச்சி, என்ன பேச்சு இது?"

"காலைல உன் பேரைப் போட்டா வரல. பேரன்தான் பார்த்துட்டு, அந்த ஆன்ட்டி உங்களை எடுத்துட்டாங்க அம்மச்சின்னு சொன்னான். எதுக்குன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே போச்சு. அப்புறம் பிடிபட்டுச்சு."

பூ விஷயம் தெரிந்துவிட்டதோ?

"உங்கம்மா கடைசியா படுத்துக் கிடந்தப்ப, சோசா எங்கே, சோசா எங்கேன்னு கேக்குறாங்கன்னு நீ ஆள் மேல ஆள் அனுப்புன. மூட்டு வலி, நடக்க முடியலன்னு சொல்லி அனுப்புனேன். வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடி. அவளை அந்தக் கோலத்துல பார்க்கப் பயமா இருந்துச்சு. அன்னிக்குச் சந்தைக்குக் கூடப் போயிட்டுத்தான் வந்தேன். யாரோ உன்கிட்ட சொல்லிட்டாங்க. பொறுத்துக்கோடி."

யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மூட்டு வலிக்கு நான்தான் தைலம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அம்மா கண் மூடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து, ஒரு நிமிஷம் சேச்சியைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. மறு நிமிஷமே அது என் மேலேயே திரும்பியது. ஒரு ரோஜாப்பூ பிடிக்காமல் நான் விரலால் தட்டியதற்கு, இந்த வயதில் ஒருத்தி ராப்பகலாக உட்கார்ந்து தன் பாவத்தைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து நிற்கிறாள்.

"சேச்சி, அதுக்கு இல்ல" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் இத்தனையும் வீணாகக் கொட்டியதாக ஆகிவிடுமே, பாவம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னால் அது பொய். என் அற்பத்தனம் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான்.

"பொறுத்தேன் சேச்சி."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "இப்பத்தாண்டி மூச்சு வருது. அவகிட்ட இனி கேக்க முடியாது. உன்கிட்டயாவது கேட்டுட்டேன்."

"என்னடி அங்க, மாநாடா நடக்குது?" என்று பின்னாலிருந்து அன்னம்மா சீறினாள். "நகருங்க, எனக்கு முட்டி கழண்டு போகுது."

இனி நான் கேட்க வேண்டிய முறை. கைகூப்பினேன்.

"என்னையும் பொறுக்கணும் சேச்சி. நான் உங்களை எடுத்தது…"

"போடி அசடே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். "உன்கிட்ட என்ன தப்பு? இத்தனை நாள் தெரிஞ்சும் என் முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை கேக்கலியே நீ. அப்படியே உங்கம்மா மனசு."

சொல்லிவிட்டு அவள் அடுத்தவள் முன்னால் போய்க் குனிந்தாள். நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.