பதினொரு கிழிசல்

கஸ்பரின் மீனைப் பார்க்க நான் வைத்த விலை ஐந்து சதம். அந்த வருஷம் கந்தப்பளையில் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியும் அதே விலைதான். தேத்தண்ணி குடித்தால் முடிந்துபோகும், மீன் பார்த்தால் முடியாது, ஆகவே மீன்தான் நல்ல வியாபாரம் என்று கணக்குப் போட்டேன். மீனும் முடிந்துபோகத்தான் பார்த்தது.

எங்கள் வீட்டில் குழந்தைகள் பேசப் பழகுமுன் பேரம் பேசப் பழகிவிடுவார்கள். கடைத்தெருவில் என் கடை, செல்லசாமி கடை என்றால் அரிசி, கருவாடு, கம்பளி, மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. முன்புறம் ஒரு மூலையில் தேத்தண்ணி அடுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பதும் உண்டு. கஸ்பர் என்னிடம் வந்து சேர்ந்தது அந்தக் கடுதாசியால்தான். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். ஐம்பது தாண்டியவர், மனைவி இல்லை, ஒரே மகள் பெற்றீசியா. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போனவளை அந்த வீட்டுக்காரர்கள் சீமைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கப்பல் ஏறுமுன் லொறிக்காரன் ஒருவனிடம் அவள் கொடுத்தனுப்பியதுதான் அந்த மீன். இனிப்பு போட்டு வைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தல், அடியில் ஒரு கடற்சிப்பி, நடுவில் கட்டைவிரல் அளவில் நீலமும் சிவப்புமாக ஒரு சண்டை மீன். உடம்பைவிட வால் பெரிது. கலியாணச் சேலையை முறையாகக் கட்டத் தெரியாத பெண்ணைப்போல அதை அள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் திரியும். "தனியாக இருப்பீர்கள், அதனால் தம்பியை அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தாள். பேரும் அதுவே ஆகிவிட்டது. மாதா மாதம் சீமையிலிருந்து வரும் கடுதாசியின் முதல் வரி, "தம்பி சுகமா?" நான் எழுதும் பதிலின் முதல் வரி, "தம்பி சுகம்."

சுகமாக இருந்ததற்குக் காரணம் ஸ்டோர் அடுப்பு. எங்கள் ஊர்க் குளிரில் அந்த மாதிரி மீன் ஒரு கிழமை தாங்காது. கஸ்பர் அடுப்பறையின் வெதுவெதுப்பான சுவரோரம் ஒரு பலகை அடித்துப் போத்தலை அதில் வைத்து இரண்டு வருஷம் காப்பாற்றினார்.

ஆவணியில் பெற்றீசியாவுக்கு நெஞ்சுச் சளி என்று கடுதாசி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியிருந்தாள். கஸ்பர் கடலோரத் தலவிலை அன்னம்மாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். போய்வரப் பத்து நாள். மாற்றுக்கு அடுப்புப் பார்க்க வருகிறவன் சாராயக்காரன், போத்தலென்று கண்டால் எட்டி உதைப்பவன். ஆகவே சனிக்கிழமை காலை கம்பளிக்குள் போத்தலை அணைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"மொதலாளி, அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி வச்சாப் போதுங்க. இன்னொண்ணு, இவனுக்குக் கண்ணாடி மட்டும் காட்டிப்புடாதீங்க."

"ஏன், அழகன்னு கருவம் வந்துருமா?"

"இல்லீங்க. உள்ள தெரியிறது தாந்தான்னு அவனுக்குத் தெரியாது. எதிரின்னு நெனச்சு மோதியே செத்துருவான். புள்ளை எழுதியிருந்திச்சே. நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க."

ஆமாம், நான்தான் படித்துக் காட்டினேன். ஆனால் என் காது வியாபாரிக் காது. செய்யாதே என்று எவனாவது சொன்னால், செய்தால் என்ன தேறும் என்றுதான் அதற்குக் கேட்கும்.

மறுநாள் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு. தோட்டங்களெல்லாம் கடைத்தெருவில் நின்றன. எதிர்க்கடைக்காரன் கிராமபோன் வைத்துக் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தான். நான் போத்தலை அடுப்போரத்திலிருந்து எடுத்து வாசல் பலகையில் வைத்தேன். சவரக் கண்ணாடியை அதன் பக்கத்தில் சாய்த்தேன். அந்தக் கணத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. செவுள் இரண்டும் கறுத்து விரிந்தன, வால் முழுவதும் ஒரே வீச்சில் திறந்தது, கட்டைவிரல் உள்ளங்கையானது. தன் மூஞ்சியைத் தானே முட்டியது. வாசலில் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். நான் ஒரு சிகரட் டின்னை எடுத்துப் போத்தல் பக்கத்தில் வைத்தேன்.

கொழுந்தெடுக்கும் வேலாயி சதுரக் காசைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அஞ்சு சதத்துக்கு எங்க லயத்துல தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்கு வாங்க மொதலாளி, இதைவிடப் பெரிய சண்டை காட்டுறேன்." ஆனாலும் இரண்டு தரம் பார்த்தாள்.

நான்கு நாள் நடந்தது. மீன் பார்க்க வந்தவன் கருவாடும் வாங்கினான், கம்பளியும் விலை கேட்டான். வாசல் காற்று ஈரச்சாக்கை முகத்தில் போட்டதுபோல அடித்தது. எனக்கு மேலே கோட்டு இருந்தது. இரவில் போத்தலை அடுப்போரம் வைக்க நினைத்தேன், இரண்டு நாள் மறந்தேன். நான்காம் நாள் வேலாயிதான் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங் காசைக் குடுங்க."

"ஏன்?"

"ஆட்டம்னுதான் குடுத்தேன். சாவு பாக்கக் குடுக்கலை."

மீன் சிப்பியின் மேல் சரிந்து கிடந்தது. கண்ணாடியைப் பார்த்தும் எழும்பவில்லை. வால் முள்வேலியில் மாட்டிய பட்டுத்துணி மாதிரி நாராக நின்றது. பாய்ந்து திரும்பும்போதெல்லாம் சிப்பியின் விளிம்பில் கிழிந்திருக்கிறது. கிழிந்த ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. எண்ணினேன். எதைக் கண்டாலும் எண்ணுகிறவன் நான். பதினொன்று. டின்னில் இருந்ததை மட்டும் எண்ணவில்லை. என் ஆயுசில் எண்ணாத காசு அது ஒன்றுதான்.

முதலில் வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். கஸ்பர் வருவதற்குள் இதே மாதிரி இன்னொன்று கொழும்பில் கிடைக்குமா, பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான். அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"அவரு ரெண்டு வருசமா மூஞ்சியோட மூஞ்சி வச்சுப் பேசுன மீனுங்க," என்றாள் வேலாயி. "மாத்தி வச்சாத் தெரியாதா? மனுசனுக்குப் புண்ணுன்னா என்ன செய்வீங்க? உப்புத்தண்ணிதானே. சூடு காட்டுங்க. மொதல்ல அந்தக் கண்ணாடியைத் தொலைங்க."

கண்ணாடியை அரிசி மூட்டைக்குப் பின்னால் எறிந்தேன். சிப்பியை எடுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, ஒரு சிட்டிகை கல்லுப்பு கரைத்து, காலையில் ஒரு தரம் மாற்றினேன். பிள்ளை பெற்ற வீட்டில்கூட நான் இவ்வளவு வெந்நீர் வைத்தவனல்ல. போத்தலுக்குச் சாக்குத் துணி சுற்றி அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். சோற்றுப் பருக்கையை அது திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் மழைத்தண்ணி பீப்பாயில் கொசுப்புழு இருக்கும் என்று தேத்தண்ணி வடியை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். குளிரில் கொசுவும் பஞ்சம். ஒரு மணி நேரத்துக்கு நாலு புழு. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பீப்பாய்க்குள் தலையை விட்டிருந்த என்னைப் பார்த்து, "என்னங்க மொதலாளி, உள்ள காசு விழுந்துருச்சா?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். வாசலில் இன்னும் சிலர் வந்து கேட்டார்கள்: "இன்னைக்கு ஆட்டம் இல்லீங்களா?" ஒவ்வொருவனுக்கும் இல்லை என்று சொல்வது ஒரு சவுக்கடி. அதற்கும் நான் தகுதிதான்.

மூன்றாம் நாள் ஒரு புழுவைத் தின்றது. ஐந்தாம் நாள் மேலே வந்து காற்றெடுத்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன், சிரித்ததற்கே பிறகு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கஸ்பர் வந்தார். முகத்தில் கடற்கரை வெயில். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை அவிழ்த்தார். உருகி மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு.

"ஒங்க பேருக்கும் ஒண்ணு கொளுத்துனேங்க. வேதம் வேறன்னாலும் அன்னம்மா கோவிச்சுக்க மாட்டா."

பிறகு அடுப்போரம் குனிந்தார். சாக்கை விலக்கினார். போத்தலை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். வேலாயி கல்லாப் பக்கம் காய்ந்த மிளகாய் நிறுக்க நின்றுகொண்டிருந்தாள். நான் தராசில் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்.

"எம் பாவங்க," என்றார் கஸ்பர். "இந்தக் குளிருல விட்டுட்டுப் போனேன் பாருங்க. ஒங்களுக்கும் வீண் தொந்தரவு."

புழுத்த அரிசியைச் சீரகச் சம்பா என்று விற்ற வாய் இது. "ஆமா, குளிருதான்," என்றது.

வேலாயி என்னைப் பார்த்தாள். மிளகாயை முந்தானையில் முடிந்தாள்.

"ஆமாண்ணே, பொல்லாத குளிரு," என்றாள் அவரிடம். "மொதலாளியோட சவரக் கண்ணாடிகூட அரிசி மூட்டைக்குப் பின்னால போய் ஒளிஞ்சிருச்சுன்னாப் பாத்துக்கங்க."

கஸ்பருக்கு விளங்கவில்லை, மரியாதைக்குச் சிரித்தார். அவள் போய்விட்டாள். காட்டிக் கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அது தெரிந்துதான் சொல்லாமல் போனாள் என்று நினைக்கிறேன்.

கஸ்பர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வான்கடிதத் தாளை நீட்டினார். வழக்கம்போல அவர் சொல்ல நான் எழுதினேன். நேர்த்தி செலுத்தியாயிற்று, சளிக்குக் கவனமாக இரு, தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, குற்றம் அப்பா மேல்.

"எழுதுங்க... செல்லசாமி மொதலாளிதான் பெத்த புள்ளை மாதிரிப் பாத்துக் காப்பாத்துனாரு. அவருக்காகவும் வேண்டிக்க."

எழுதினேன். 'பெற்ற பிள்ளை' என்ற இடத்தில் பேனா மை கக்கி ஒரு பொட்டு விழுந்தது. ஒற்றித் துடைத்தேன், போகவில்லை.

"எடம் இருக்குங்களா?"

"ரெண்டு விரக்கடை இருக்கு."

"அப்ப வாலு எப்பிடி இருக்குன்னு நீங்களே எழுதிருங்க. எனக்குக் கண்ணு புகையில போச்சு."

போத்தலை வெளிச்சத்துக்கு இழுத்தேன். தம்பி மெல்லத் திரும்பியது. கிழிந்த இடங்களில் மூன்றிடத்தில் மட்டும் புதுச் சவ்வு வந்திருந்தது. நிறமில்லை, நீலமும் இல்லை சிவப்பும் இல்லை, ஈசலின் சிறகு மாதிரி தண்ணீரோடு தண்ணீராக இருந்தது. அதன் வழியாக எதிர்ப்பக்கம் கஸ்பரின் சட்டைப் பித்தான் தெரிந்தது. நான் இரண்டு தரம் எண்ணிச் சரிபார்த்துவிட்டு எழுதினேன். தாளை மடித்து ஒட்டும்போது அவர் கேட்டார்.

"என்னங்க எழுதுனீங்க, அவ்வளவு நேரம்?"

"கணக்கு."

"எம் பேருல பாக்கி ஒண்ணும் இல்லியே?"

"ஒங்க பேருல இல்லை."

கடுதாசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போத்தலைக் கம்பளிக்குள் வைத்து, இரண்டு கையாலும் அணைத்து, மழையில் இறங்கி, தபால் கந்தோர்ப் பக்கம் நடந்தார். அவருடைய மார்போடு போனது:

கண்ணாடி காட்டியது, நான்கு நாள். வாலில் கிழிசல், பதினொன்று. இன்றுவரை ஆறியது, மூன்று. நிலுவை எட்டு, செல்லசாமி பேரில்.