பின்னறைக்குப் போகாத டீ

டோரீன் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்வதை வெரோனா பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகச் சலவைக்கூடத்தில் அவள் பக்கத்தில் நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்தவள், இன்று கம்பெனி சாட்சி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் இதுதான் கடைசிச் சாட்சியம். இவள் வாயில்தான் வழக்கே இருந்தது.

தன்னைப் போன்ற கறுப்பர்கள் யாரையும் ஏன் மேற்பார்வையாளர் ஆக்குவதில்லை என்று வெரோனா கோடையில் புகார் கொடுத்திருந்தாள். கொடுத்த வாரமே, ரத்தமும் மலமும் தோய்ந்த துணி பிரிக்கிற பின்னறைக்கு அவளைத் தனியாகத் தள்ளினான் மேலாளர் கிரேக். வழக்கமான இடமாற்றம், பழிவாங்கலே இல்லை என்று கம்பெனி சாதித்தது. டோரீனும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே ஒப்பித்தாள்.

"யாரும் அவளை ஒதுக்கலைங்க. எப்பவும் போலத்தான் இருந்தோம்."

வெரோனாவின் வக்கீல் மிஸ் ஓசெய் எழுந்தாள். "உங்க சலவைக்கூடத்துல டீ யாரு போடுவாங்க?"

டோரீனின் முகம் மலர்ந்தது. "நான்தான்! மத்தவங்க போட்டா அது டீயா? கழனித்தண்ணி!"

நீதிபதி அம்மாகூடச் சிரித்துவிட்டார். டீ போடுகிறவள் எல்லோருக்கும் சேர்த்துப் போட வேண்டும், ஒருத்தரை விட்டால் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. அந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"யாருக்கு எப்படின்னு ஞாபகம் இருக்குமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்றேன். கீத்துக்கு ரெண்டு சர்க்கரை. கிரேக்குக்கு ஒரு சொட்டுப் பால். போன மாசம் வந்த போலந்துப் பொண்ணுக்கு எலுமிச்சை..."

"வெரோனாவுக்கு?"

"ஒரு ஸ்பூன் தேன்... போடுவேன். முன்னாடி."

கிரேக் செருமினான்.

"எதுக்கு முன்னாடி?"

டோரீன் கிரேக்கைப் பார்த்தாள், பைபிளைப் பார்த்தாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "அவ புகார் கொடுக்குறதுக்கு முன்னாடி. பின்னறைக்கு டீ போகக் கூடாது, யாரும் பேசவும் கூடாது, அவளா வேலையை விட்டு ஓடட்டும்னு கிரேக்தான் சொன்னாரு."

வெரோனாவுக்கு எழுந்து கூவ வேண்டும் போல இருந்தது. தம்பி எர்ரல் அவள் கையை நசுக்கியே விட்டான். "அக்கா, மாட்டிக்கிட்டான்க்கா!"

தீர்ப்பைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே மழை வெளுத்து வாங்கியது. காலையில் டோரீனைக் கூட்டிவந்த கம்பெனி வேன், அவள் கை நீட்டியும் நிற்காமல் போனது. குடைகூட இல்லை.

"நனையட்டும்க்கா. இத்தனை நாள் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா?" என்றான் எர்ரல், காரில் உட்கார்ந்து சாவியைத் திருகியபடி.

வெரோனாவுக்கும் ஆத்திரம்தான். பின்னறையில் ஒற்றையாக அழுததெல்லாம் மறந்துவிடுமா? ஆனால் நாளைக்கு அந்த அறைக்கு யார் போகப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"வண்டியை எடுக்காதடா," என்று சொல்லிவிட்டு, எட்டிப் பின்கதவைத் தள்ளித் திறந்தாள்.

டோரீன் வேன் போன திசையைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். திறந்த கதவு வழியே சாரல் அடித்து இருக்கை நனைந்துகொண்டிருந்தது.